ஒளியை எண்ணும் உத்தியோகம்

பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஏதாவது ஒரு லேபில் காய்ச்சலுக்கு ரத்தம் கொடுத்தால் மாலைக்குள் சிபிசி ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். அதில் வெள்ளை அணுக்களை நியூட்ரோஃபில், லிம்போசைட், மோனோசைட், ஈசினோஃபில், பேசோஃபில் என்று ஐந்தாகப் பிரித்திருக்கிறதா பாருங்கள். பிரித்திருந்தால், உங்கள் அணுக்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஒரு லேசர் கதிரைக் கடந்து போயிருக்கின்றன. மூன்றாக மட்டும் பிரித்திருந்தால் அது வேறு முறை: சின்னத் துளைக்குள் அணு நுழையும்போது மின்தடை மாறுவதை வைத்து எண்ணுவது. வாலஸ் கூல்ட்டர் 1953-இல் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார்.

லேசர் வைத்த அந்த மெஷினுக்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று பெயர். லேபுக்குள் எல்லாரும் சுருக்கமாக 'ஃப்ளோ' என்பார்கள். டிஎம்எல்டி, பி.எஸ்சி. எம்எல்டி, பயோடெக், பயோமெடிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று எதையாவது முடித்துவிட்டு, போரூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே வேலை தேடுகிற பிள்ளைகள் இந்த மெஷினைப் பற்றி ஒரு முழு நாள் செலவழித்துப் படிக்கலாம். விளம்பரங்களில் இந்த வேலை கூட்டமாக வராது. வரும்போது விண்ணப்பிக்கத் தகுதியானவர்களும் கூட்டமாக இருக்க மாட்டார்கள்.

மெஷின் உண்மையில் என்ன செய்கிறது

பொத்தான் எது என்று கேட்பதற்கு முன்னால் ஒளி எங்கே போகிறது என்று கேளுங்கள். இந்தத் துறையில் வேலை கிடைப்பவருக்கும் அந்த வேலையில் நிலைப்பவருக்கும் நான் பார்த்த வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

ஒரு லிம்போசைட்டின் விட்டம் ஏழு முதல் பத்து மைக்ரான். பிளேட்லெட் இரண்டு மூன்று மைக்ரான்தான். இவ்வளவு சின்னப் பொருளிலிருந்து வரும் ஒளியை அளக்க, முதலில் அதைத் தனியாக நிறுத்த வேண்டும். சாம்பிள் திரவத்தைச் சுற்றி ஷீத் என்னும் உப்புநீர் வேகமாக ஓடும். அந்த ஓட்டம் நடுவில் இருக்கும் சாம்பிளை நூல் போல ஒடுக்கிவிடும். அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போயாக வேண்டும். லேசர் பட்டதும் முன்பக்கமாகச் சிதறும் ஒளி அணுவின் அளவைத் தோராயமாகச் சொல்லும். பக்கவாட்டில் சிதறுவது உள்ளே இருக்கும் துகள்களைச் சொல்லும். நியூட்ரோஃபில் துகள் நிறைந்தது, அதனால் பக்கச்சிதறல் அதிகம், லிம்போசைட்டில் குறைவு. இந்த இரண்டை மட்டும் வைத்தே ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் திரையில் மூன்று கூட்டங்களாகப் பிரிந்து நிற்கும்.

சிடி4, சிடி19 போன்ற புரதங்கள் எந்த அணுவின் மேல் இருக்கின்றன என்று அறிய, ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டால் எஃப்ஐடிசி என்ற சாயம் பச்சையாக ஒளிரும், பிஈ என்ற சாயம் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக ஒளிரும். கண்ணாடிகளும் ஃபில்டர்களும் நிறத்தைப் பிரித்து அததற்கான டிடெக்டருக்கு அனுப்பும். ஃபில்டர் மேல் '530/30' என்று போட்டிருந்தால், 530-ஐ நடுவில் வைத்து மொத்தம் 30 நானோமீட்டர் அகலம், அதாவது 515 முதல் 545 வரை மட்டுமே உள்ளே விடும் என்று பொருள். இன்டர்வியூவில் இதைக் கேட்பார்கள். எளிய கேள்விதான், ஆனால் மெஷினை இயக்கிப் பழகியவர்களிலும் பலர் இதில் தடுமாறுகிறார்கள்.

இனி வருவதுதான் கடினமான இடம். எஃப்ஐடிசியின் ஒளி பச்சையோடு நிற்காது. வால் நீண்டு பிஈ-யின் டிடெக்டருக்குள்ளும் விழும். ஆடி மாதம் அடுத்தடுத்த இரண்டு தெருக்களில் அம்மன் கோவில் ஸ்பீக்கர் கட்டியிருக்கும்போது நடுவீட்டுக்காரர் படும் பாடு இது: எந்தப் பாட்டு எந்தக் கோவிலுடையது என்று பிரிக்க, ஒரு ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு மற்றதை மட்டும் கேட்க வேண்டும். லேபிலும் அதையேதான் செய்கிறோம். எஃப்ஐடிசி மட்டும் போட்ட ட்யூப் ஒன்றை ஓட்டி, பிஈ டிடெக்டரில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்கிறோம். பச்சையில் 10,000 வரும்போது பிஈ-யில் 1,500 வந்தால் கசிவு 15 சதவீதம். அந்த விகிதத்தில் கழிக்கிறோம். காம்பன்சேஷன் என்பது இதுதான். கழித்தபின் டிடெக்டரின் வோல்டேஜை யாராவது தொட்டால் அந்தக் கணக்கு முழுக்கச் செல்லாது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

எட்டு, பத்து நிறம் போடும் லேபில் ஒவ்வொரு சாயமும் மற்ற பல டிடெக்டர்களிலும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். மென்பொருள் தானே கழித்துத் தரும். தப்பான கன்ட்ரோல் ட்யூப் கொடுத்தால் தப்பாகவும் கழித்துத் தரும், திரையில் அழகாகவும் காட்டும். அதைப் பார்த்துச் சந்தேகப்படுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

கொஞ்சம் பழைய கதை

கண்ணாடிக் குழாயில் ஓடும் அணுக்களை ஒளிமின் கருவியால் எண்ணலாம் என்று மாண்ட்ரீயலிலிருந்து ஆண்ட்ரூ மோல்டவன் 1934-இல் எழுதினார். 1965-இல் லாஸ் அலமோஸில் மேக் ஃபுல்வைலர், மை தெளிக்கும் பிரின்டரின் உத்தியைக் கடன் வாங்கி, அணுக்களைத் துளிகளாக்கிப் பிரித்தார். 1968-இல் ஜெர்மனியின் மூன்ஸ்டரில் வுல்ஃப்காங் கோடே ஒளிர்வை அளந்து அணுக்களை எண்ணும் கருவியை உருவாக்கினார். ஸ்டான்ஃபோர்டில் லியனார்ட் ஹெர்சன்பெர்க் குழு ஒளிர்வை வைத்தே அணுக்களைப் பிரித்தெடுக்கும் கருவியைச் செய்தது. இயற்பியல், மின்னணுவியல், உயிரியல் மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது. இன்றைக்கும் மூன்று படிப்புக்காரர்களுக்கும் இதில் இடம் இருப்பது அதனால்தான்.

நம் ஊரில் இந்த மெஷினைப் பரப்பியது எச்ஐவி. 1986-இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள்; பரிசோதனைக்கு சாம்பிள்கள் வேலூர் சிஎம்சிக்குப் போயின. 2004-இல் அரசு எச்ஐவிக்கு இலவச ஏஆர்டி மருந்து கொடுக்கத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட இடங்களில் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையும் ஒன்று. யாருக்கு மருந்து தொடங்குவது என்பதை அப்போது சிடி4 எண்ணிக்கை முடிவு செய்தது. எனவே சிடி4 எண்ணும் மெஷின்கள் அரசு மையங்களுக்கு வந்தன, அவற்றை இயக்க டெக்னீசியன்கள் தேவைப்பட்டார்கள்.

2017-இல் எண்ணிக்கை என்னவானாலும் எச்ஐவி உள்ள எல்லாருக்கும் மருந்து என்று கொள்கை மாறியது. கண்காணிப்புக்கு வைரல் லோட் பரிசோதனை முன்னே வந்தது. சிடி4 ஒழிந்துவிடவில்லை, 200-க்குக் கீழே இருப்பவர் முற்றிய நிலையில் இருக்கிறார் என்பதை இன்றும் அதுதான் சொல்கிறது. ஆனால் 'சிடி4 மட்டும் ஓட்டத் தெரியும்' என்பதை வைத்துக்கொண்டு இனி வேலை தேடாதீர்கள். ரத்தப் புற்றுநோய் எந்த வகை என்று பிரிப்பது, சிகிச்சைக்குப் பின் மிச்சம் இருக்கும் புற்றணுக்களைத் தேடுவது, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு சிடி34 எண்ணுவது ஆகியவற்றில்தான் பல நிற ஃப்ளோ தெரிந்தவரைத் தேடுகிறார்கள்.

மிச்ச அணுத் தேடலில் பத்தாயிரத்தில் ஒன்று, அதாவது 0.01 சதவீதம் என்ற அளவுவரை பார்க்க வேண்டியிருக்கும். பத்து லட்சம் அணுக்களை ஓட்டினால் அதில் நூறுதான் தேடும் அணுக்கள். வெறும் ஐம்பதாயிரம் ஓட்டிவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று எழுதினால் அங்கே ஐந்து அணுக்கள்தான் இருந்திருக்க முடியும். அதைக் கூட்டம் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. எவ்வளவு ஓட்டினோம் என்பதை ரிப்போர்ட்டில் எழுதாத லேபில் நீங்கள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

கை சுத்தம்

லேசரைவிடப் பெரிய பிழை பைப்பெட்டில் நடக்கும். சிடி4-ஐ நேரடியாக எண்ணும் முறையில், எண்ணிக்கை தெரிந்த பீட்ஸ் (நுண்மணிகள்) உள்ள ட்யூபில் அளந்த ரத்தத்தை விடுவார்கள். ட்யூபில் 50,000 பீட்ஸ், ரத்தம் 50 மைக்ரோலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மெஷின் 1,000 பீட்ஸையும் 385 சிடி4 அணுக்களையும் எண்ணுகிறது. 385-ஐ 1,000-ஆல் வகுத்து, 50,000-ஆல் பெருக்கி, 50-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரோலிட்டருக்கு 385. இப்போது உங்கள் கை தவறி 45 மைக்ரோலிட்டர்தான் விழுந்தது என்றால்? மெஷினுக்கு அது தெரியாது. எண்ணிக்கை 346 என்று வரும். மருந்து தொடங்க 350 எல்லையாக இருந்த காலத்தில், அந்த ஐந்து மைக்ரோலிட்டர் ஒரு மனிதரைக் கோட்டின் அந்தப் பக்கம் தள்ளியிருக்கும்.

ஆகவே பயிற்சிக்கு மெஷின் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். நாலு இலக்கத் தராசும் காய்ச்சி வடித்த நீரும் உள்ள எந்தக் கல்லூரி லேபிலும் பைப்பெட் பழகலாம்: 50 மைக்ரோலிட்டர் நீர் ஏறக்குறைய 50 மில்லிகிராம். இருபது முறை விட்டு எடை எழுதுங்கள், சிதறல் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். ரத்தத்துக்கு ரிவர்ஸ் பைப்பெட்டிங் ஏன் என்பதையும் படித்து வையுங்கள். அந்தத் தாளை இன்டர்வியூவுக்கு எடுத்துப் போனால் 'ஹார்ட் வொர்க்கிங், டீம் பிளேயர்' என்ற வரியைவிட நன்றாகப் பேசும்.

சாம்பிள் பழக்கங்களும் அப்படித்தான். பர்ப்பிள் மூடி போட்ட ஈடிடிஏ ட்யூப். சிடி4-க்கு அறை வெப்பநிலை, ஃப்ரிட்ஜ் கூடாது. கட்டி தட்டியிருந்தால் ஓட்டாமல் திருப்பி அனுப்பு. இவை எல்லாம் தெரிந்தவைதானே என்று தோன்றும். மதியம் மூன்று மணிக்கு வார்டிலிருந்து சிஸ்டர் போனில் அவசரப்படுத்தும்போது, கட்டி தட்டிய சாம்பிளை 'சரி, ஓட்டிப் பார்க்கிறேன்' என்று வாங்கிக்கொள்ளாமல் இருப்பதுதான் தெரிந்திருப்பது.

காலை வேலை ஒரே மாதிரி இருக்கும். வேஸ்ட் டேங்கைக் காலி செய்து ப்ளீச் ஊற்று, ஷீத் நிரப்பு, லேசர் சூடாக நேரம் கொடு, தரச் சோதனைக்கான க்யூசி பீட்ஸ் ஓட்டு, அந்த அளவை நாள்தோறும் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளி வை. க்யூசி தேறாவிட்டால் சிலர் வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றித் தேற வைத்துவிடுவார்கள். மறுநாளும் ஏற்றுவார்கள். ஃப்ளோ செல்லில் படிந்த அழுக்கோ, நீர்க்குமிழியோ, வயதான லேசரோ அந்த ஏற்றத்துக்குள் ஒளிந்துகொள்ளும். புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்திலேயே பழைய சார்ட்டுகளைப் புரட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். வோல்டேஜ் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்திருந்தால் சீனியரிடம் தனியாகக் கேளுங்கள், 'மேடம், இது எதனால்?' என்று. எல்லார் முன்னிலையிலும் கேட்டு யாருக்கும் கெட்ட பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

எந்த வாசலில் நுழைவது

மேற்குப் புறநகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை: போரூரில் ஸ்ரீராமச்சந்திரா, வேலப்பன்சாவடியில் ஏசிஎஸ், தண்டலத்தில் சவீதா, பூந்தமல்லியை ஒட்டி பனிமலர். எல்லா இடத்திலும் இந்த மெஷின் இருக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள். இல்லாத இடத்திலும் ஹெமட்டாலஜி லேபில் ஐந்து பிரிவு அனலைசர் இருக்கும், அதன் சிதறல் படத்தைப் படிக்கக் கற்பதே பாதி ஃப்ளோ. இன்டர்ன்ஷிப் கேட்கும்போது 'எந்த டிபார்ட்மென்ட் ஆனாலும் சரி சார்' என்று சொல்லாமல் ஹெமட்டாலஜி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அரசு வேலைக்கு லேப் டெக்னீசியன் பணியிடங்களை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், அதாவது எம்ஆர்பி, நிரப்புகிறது. அறிவிப்பைக் கண்ணில் வைத்திருங்கள். துணை மருத்துவப் படிப்புகளுக்கென 2021-இல் தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. சேரும் டிப்ளமோ எந்தப் பல்கலைக்கழகம் அல்லது அரசு அமைப்பின் கீழ் வருகிறது என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குவது நல்லது. 'நூறு சதவீத பிளேஸ்மென்ட்' போர்டு மாட்டிய மாடி இன்ஸ்டிட்யூட்டுகள் டிரங்க் ரோட்டில் மட்டும் இருப்பவை என்று நினைக்க வேண்டாம், எல்லா ஊரிலும் உண்டு.

பயோடெக் படித்தவர்களுக்கு என் தனிப்பட்ட சிபாரிசு அப்ளிகேஷன் ஸ்பெஷலிஸ்ட் வேலை. மெஷின் விற்கும் கம்பெனிகள் (பிடி, பெக்மன் கூல்ட்டர், சிஸ்மெக்ஸ் போன்றவை) வாங்கிய லேபுக்கு ஆள் அனுப்பி, டாக்டர்களுக்கும் டெக்னீசியன்களுக்கும் ஓட்டக் கற்றுத்தருவார்கள். ஆராய்ச்சிக்கு இடம் கிடைக்கவில்லை, ஐடிக்குப் போகிறேன் என்று கிளம்பும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. வாரத்தில் பாதி நாள் மதுரை, கோவை, புதுச்சேரி என்று பயணம் இருக்கும். தயக்கமில்லாமல் பேச வேண்டும், மூத்த பேராசிரியரிடம் 'உங்கள் கன்ட்ரோல் தப்பு சார்' என்பதைக் கோபம் வராமல் சொல்லவும் தெரிய வேண்டும்.

பயோமெடிக்கல், ஈசிஈ, இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ ஆட்களுக்கு சர்வீஸ் இன்ஜினியர். லேசர் அலைன்மென்ட், அடைப்பு, பம்ப், டியூபிங், யுபிஎஸ் கோளாறு. பிரேக்டவுன் கால் வந்தால் ஞாயிறும் இல்லை. இதில் ஆறு மாதம் ஒளியியல் கற்றுக்கொண்டவருக்கு வேறு கருவிகளும் கைவரும்.

மருத்துவமனை வாசனையே ஆகாது என்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இன்னொரு வாசல் இருக்கிறது. மின்னணு உதிரிபாகம், ஊசிமருந்து போன்றவை செய்யும் க்ளீன்ரூம்களில் காற்றின் தூசியை எண்ணும் பார்ட்டிகிள் கவுன்ட்டர் வைத்திருப்பார்கள். ரத்த அணுவுக்குப் பதில் அரை மைக்ரான் தூசி, ஷீத் நீருக்குப் பதில் உறிஞ்சும் காற்று. சிதறும் ஒளியை அளப்பது அதே கதைதான். நிமிடத்துக்கு 28.3 லிட்டர், அதாவது ஒரு கன அடி காற்றை இழுக்கும் மாடல்கள் பரவலாக உள்ளன. ஐஎஸ்ஓ 14644 தரத்தில் 5-ஆம் வகுப்பு அறை என்றால் ஒரு கன மீட்டரில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசி 3,520-ஐத் தாண்டக் கூடாது. 7-ஆம் வகுப்புக்கு 3,52,000. இந்தக் கருவிகளைச் சரிபார்க்க ஐஎஸ்ஓ 21501-4 என்ற தனித் தரம் இருக்கிறது. க்ளீன்ரூம் வேலிடேஷன், கேலிப்ரேஷன் செய்து தரும் சிறு நிறுவனங்களில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர்கள் முயலலாம். இயற்பியல் படித்தால் வாத்தியார் வேலைதான் என்று வீட்டில் சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள்.

மெஷின் இல்லாமல் என்ன கற்கலாம்

ஃப்ளோ மெஷின்கள் பெரும்பாலும் எஃப்சிஎஸ் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில்தான் தரவைச் சேமிக்கின்றன. வெளியான ஆய்வுகளின் கோப்புகள் இணையக் களஞ்சியங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆர் மொழியில் ஃப்ளோகோர் என்ற தொகுப்பும் இலவசம். ஒரு சாதாரண லேப்டாப்பில் அந்தக் கோப்பைத் திறந்து, ஒட்டிக்கொண்டு வந்த இரட்டை அணுக்களை நீக்கி, லிம்போசைட் கூட்டத்தைச் சுற்றிக் கேட் என்னும் எல்லைக்கோடு போட்டு, அதற்குள் சிடி4-ஐப் பிரித்துப் பார்த்தால், லேபில் உட்காருவதற்கு முன்பே கண் பழகிவிடும். ஒவ்வொரு கேட்டும் ஏன் அந்த இடத்தில் போட்டீர்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். தி சைட்டோமெட்ரி சொசைட்டி என்ற அமைப்பு இந்தியாவில் பயிற்சிப் பட்டறைகள் நடத்துகிறது. மாணவர் கட்டணம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆஃபர் கையில் வந்தபின்

சம்பளத்தைப் பேசிவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். என்ஏபிஎல் அங்கீகாரம் உண்டா, ஐஎஸ்ஓ 15189 படி நடக்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் அனுபவச் சான்றுக்கு அடுத்த இடத்தில் மதிப்பு கூடும். மெஷினுக்கு ஏஎம்சி என்னும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறதா? இல்லையென்றால் பழுதான மாதங்களில் உங்களை ரத்தம் எடுக்கும் கவுன்ட்டரில் உட்கார வைப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்தால் பூந்தமல்லிக்கு வண்டி உண்டா? பாண்ட் கையெழுத்து வாங்குகிறார்களா, எத்தனை ஆண்டுக்கு, அசல் சான்றிதழை வைத்துக்கொள்கிறார்களா? அசலைக் கேட்டால் நகல் மட்டும் தருவதாகச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு பற்றிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். உங்கள் முன் வரும் ஒவ்வொரு ட்யூபையும் தொற்றுள்ளதாகவே எண்ணிக் கையாள வேண்டும். ஊசி குத்திவிட்டால் எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த மருந்து யாரிடம் இருக்கிறது, இரவில் சாவி யார் கையில் என்று சேரும் நாளிலேயே தெரிந்துகொள்ளுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டு, ஆன்டிபாடி அளவு பார்த்துத் தருகிறார்களா, செலவு அவர்களுடையதா உங்களுடையதா என்பதை ஆஃபர் கடிதத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.